மெயிலில் வந்த புது அக்கவுண்ட் நம்பர்: 6.4 லட்சம் போனது எப்படி, இனி என்ன செய்வது

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் திருப்பூரில் அப்பாவோடு சேர்ந்து பனியன் ஏற்றுமதி பார்ப்பவர். ஆபீஸில் 14 பேர். மூன்று வாரம் முன்பு, வழக்கமாக லேபிளும் ஜிப்பும் வாங்கும் சப்ளையர் பெயரில் ஒரு மெயில் வந்திருக்கிறது. ஆடிட் நடப்பதால் பழைய கணக்கில் பணம் போட வேண்டாம், இந்தப் புதுக் கணக்கில் போடுங்கள் என்று. அக்கவுண்ட்ஸ் பார்க்கும் பெண் அதை நம்பி 6.4 லட்சத்தை ஆர்டிஜிஎஸ் போட்டுவிட்டார். பத்து நாள் கழித்து உண்மையான சப்ளையர் போன் செய்து "பேமென்ட் இன்னும் வரலையே" என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்திருக்கிறது. இப்போது அப்பா, அந்தப் பெண்ணின் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்க வேண்டும், எல்லா கம்ப்யூட்டரிலும் கண்காணிப்பு சாஃப்ட்வேர் போட வேண்டும் என்கிறார். இது சரியா, வேறு என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

நான் 16 வருடமாகத் திருப்பூர், கரூர், ஈரோடு பக்கம் சிறு நிறுவனங்களுக்குக் கம்ப்யூட்டர், மெயில், நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். உங்களுக்கு வந்ததைப் போன்ற மெயிலைப் பல ஆபீஸ்களில் பார்த்துவிட்டேன். பணம் போன ஆபீஸ்களில் எல்லாம் ஒரு விஷயம் ஒத்துப்போகிறது. பணம் அனுப்பும் நாற்காலியில் இருப்பவருக்கு, "ஒரு நிமிஷம் சார், போன் பண்ணிக் கேட்டுட்டுப் போட்டுடறேன்" என்று சொல்லும் தைரியம் இருக்கவில்லை. சம்பளத்தில் பிடிப்பதும் சாஃப்ட்வேர் வைத்துப் பார்ப்பதும் அந்தத் தைரியத்தை இன்னும் குறைக்கும். அதனால் இரண்டுமே வேண்டாம் என்பதுதான் என் பதில். விளக்கமாகச் சொல்கிறேன். ஆனால் முதலில் பணத்தைக் கவனிப்போம்.

இன்னும் புகார் கொடுக்கவில்லை என்றால் இன்றே 1930-க்குப் போன் செய்யுங்கள், அல்லது சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பதியுங்கள். ஆர்டிஜிஎஸ் யூடிஆர் எண் (வங்கி தரும் பரிவர்த்தனை எண்), தேதி, நேரம், பணம் போன கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி எல்லாம் கையில் இருக்கட்டும். புகார் பதிவானதும் தகவல் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குப் போகும், கணக்கில் மிச்சம் இருப்பதை நிறுத்தி வைப்பார்கள். முதல் சில மணி நேரத்தில் சொல்லியிருந்தால் பெரும்பகுதி நின்றிருக்க வாய்ப்பு உண்டு. மூன்று வாரம் தாமதம்தான், இந்நேரம் அந்தப் பணம், திருடர்கள் அடுத்தவர் பெயரில் வைத்திருக்கும் வாடகைக் கணக்குகள் நாலைந்தைத் தாண்டியிருக்கும். ஆனாலும் கொடுங்கள். அதே கணக்கின் மேல் வேறு ஊர்க்காரர் முன்பே புகார் கொடுத்திருந்தால் கொஞ்சம் பணம் அங்கே நின்றிருக்கலாம். நின்ற பணம் தானாகத் திரும்பி வராது, பெரும்பாலும் கோர்ட் உத்தரவு வாங்க வேண்டியிருக்கும். அதற்கு முதல் ஆதாரமே உங்கள் புகார் எண்தான். உங்கள் வங்கிக் கிளையிலும் எழுத்தில் ஒன்று கொடுத்து சீல் வாங்கி வையுங்கள்.

அந்த மெயிலைத் தயவுசெய்து டெலீட் செய்யாதீர்கள். ஃபார்வர்ட் செய்து வைத்தாலும் போதாது, ஸ்கிரீன்ஷாட்டும் போதாது. அது எந்தச் சர்வரில் இருந்து, எந்த வழியாக வந்தது என்கிற விவரம் மூல மெயிலுக்குள்தான் இருக்கும். மெயிலைத் திறந்து, ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தினால் அப்படியே டவுன்லோட் செய்ய வழி இருக்கும். செய்து பென் டிரைவில் ஒரு காப்பி வையுங்கள். இன்னொன்று, 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி இந்த மாதிரி சைபர் சம்பவங்களை, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். சின்ன ஆபீஸ்களில் பெரும்பாலும் யாருக்கும் இது தெரிவதில்லை. நேரம் கடந்துவிட்டாலும் ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள்.

"பணம் போன கணக்கின் பெயர் சப்ளையர் பெயரே இல்லை, வங்கி எப்படி விட்டது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் இரண்டிலும் நாம் டைப் செய்யும் பெயரை வைத்துப் பணம் வரவு வைக்கப்படுவதில்லை, கணக்கு எண்ணை வைத்துத்தான். பெயர் என்ன எழுதினாலும் எண் சரியாக இருந்தால் பணம் போய்விடும். இதைச் சரிசெய்யத்தான் ரிசர்வ் வங்கி, 2025 ஏப்ரல் 1-க்குள் எல்லா வங்கிகளும் கணக்கு எண்ணைப் போட்டதும் அந்தக் கணக்குக்காரரின் பெயரைக் காட்டும் வசதியைத் தர வேண்டும் என்று சொன்னது. உங்கள் நெட் பேங்கிங்கில் புதிய பெனிஃபிஷியரி சேர்க்கும் இடத்தில் அது இருக்கும். அதைப் பார்க்காமல் கடந்து போகிற பழக்கம்தான் நிறைய ஆபீஸில் இருக்கிறது. அங்கே வரும் பெயரைப் பிரின்ட் எடுத்து வவுச்சரோடு பின் அடிக்கச் சொல்லுங்கள். பிரின்ட் எடுப்பதற்காகவாவது பார்த்துத்தான் ஆக வேண்டும்.

அப்புறம், மெயில் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். உங்கள் அடுத்த வேலை முழுக்க இதைப் பொறுத்தது. அனுப்பியவர் பெயரை விட்டுவிட்டு முகவரியை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். நான் பார்த்த ஒரு மெயிலில் ஆங்கில எம் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஆர், என் இரண்டு எழுத்தும் ஒட்டி நின்றன. போன் திரையில் சாதாரணக் கண்ணுக்கு அது எம் தான். கம்ப்யூட்டரில் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் நடுவில் முடி அளவு இடைவெளி தெரிந்தது. கீழே சப்ளையரின் லோகோ, ஜிஎஸ்டி எண், அவர்கள் எப்போதும் போடும் கையெழுத்து, பழைய இன்வாய்ஸ் எண், பாக்கித் தொகை பைசா வரை சரி. பாக்கித் தொகை பைசா வரை வெளியாளுக்குத் தெரிகிறது என்றால், யாரோ ஒருவருடைய மெயில் பெட்டிக்குள் அவன் உட்கார்ந்து படித்துக்கொண்டு இருந்திருக்கிறான் என்று அர்த்தம். உங்களுடையதா, சப்ளையருடையதா என்பதுதான் கண்டுபிடிக்க வேண்டியது.

உங்கள் பெட்டியில் தேட வேண்டிய இடம் மெயில் செட்டிங்ஸில் இருக்கும் ஃபில்டர், ரூல், ஃபார்வர்டிங் பக்கம். கரூர் பக்கம் ஒரு வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி ஆபீஸில் இதைத் திறந்தபோது ஒரே ஒரு ரூல் இருந்தது. அதன் பெயர் வெறும் ஒரு புள்ளி. இன்வாய்ஸ், பேமென்ட், பேங்க் என்ற சொல் உள்ள எந்த மெயில் வந்தாலும் படித்ததாகக் குறித்து ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ் என்ற ஃபோல்டருக்குத் தள்ளு என்று எழுதியிருந்தது. அந்த ஃபோல்டரை யாரும் திறப்பதே இல்லை. திறந்தால், இவர்களிடம் சரக்கு வாங்கும் ஜெர்மனி பையர் "கணக்கு மாறியது உண்மையா?" என்று கேட்டு அனுப்பிய மூன்று மெயில் உள்ளே கிடந்தது. பையர் சந்தேகப்பட்டுக் கேட்டிருக்கிறார், திருடன் இவர்கள் பெயரில் "ஆமாம்" என்று பதில் போட்டிருக்கிறான். அந்த முதலாளி அதைப் படித்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. திருப்பூர், கரூர் ஏற்றுமதிக்காரர்களுக்குப் பெரிய அடி இந்தத் திசையில்தான் வரும். நாம் அனுப்பும் பணத்தைவிட நமக்கு வர வேண்டிய பணம் பெரியது.

அப்படி ரூல் ஏதாவது இருந்தால் போட்டோ எடுத்துக்கொண்டு நீக்குங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள், எல்லா சாதனங்களிலும் இருந்து லாக் அவுட் செய்யும் பட்டனை அழுத்துங்கள், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை ஆன் செய்யுங்கள். நாலு பேர் ஒரே மெயிலையும் ஒரே பாஸ்வேர்டையும் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் உங்கள் ஆபீஸிலும் இருந்தால் அதை நிறுத்துங்கள். யார் எங்கிருந்து திறந்தார்கள் என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாமல் போவது அதனால்தான்.

சரி, இனிமேல் நடக்காமல் இருக்க என்ன செய்வது? காசு செலவே இல்லாத ஒரு விதி இருக்கிறது. கணக்கு எண் மாறியதாக யார் சொன்னாலும், ஏற்கெனவே நம்மிடம் இருக்கும் நம்பருக்கு நாம் போன் செய்து, நமக்குத் தெரிந்த குரலிடம் கேட்ட பிறகுதான் பணம். மெயிலில் கொடுத்திருக்கும் நம்பருக்குப் போன் செய்யக் கூடாது, அதை எடுப்பவனும் அவன் ஆள்தான். பழைய விசிட்டிங் கார்டில், போன வருட இன்வாய்ஸில் இருக்கும் நம்பர். பேசிய பிறகு புதுக் கணக்கில் ஒரு ரூபாய் போட்டு, வந்ததா என்று அதே போனில் கேளுங்கள். பிறகு மீதி. ஒருவர் பதிவு செய்ய வேண்டும், இன்னொருவர் அப்ரூவ் செய்ய வேண்டும். பெரும்பாலான வங்கிகள் கரன்ட் அக்கவுண்ட்டுக்கு இந்த இரட்டை அனுமதி வசதியைத் தருகின்றன, கேட்டால் போதும்.

இதை எழுத்தில் எழுதி அப்பா கையெழுத்துப் போட்டு அக்கவுண்ட்ஸ் மேஜைக்கு மேலே ஒட்ட வேண்டும். கீழே இன்னொரு வரியும் வேண்டும்: "நானே போன் செய்து அவசரம் என்று சொன்னாலும் இந்த விதி பொருந்தும்." முதலாளியின் அவசரத்தை மீறி நிற்க ஊழியருக்கு முதலாளியே எழுதிக் கொடுக்கும் அனுமதி அது. இது இல்லாவிட்டால் மேலே உள்ள எதுவும் நடைமுறையில் நிற்காது.

சின்ன ஆபீஸ், விவரம் தெரியாமல் ஏமாந்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். லிதுவேனியாக்காரர் எவால்தாஸ் ரிமாசவுஸ்காஸ் செய்ததும் இதேதான். தைவானின் குவான்டா கம்ப்யூட்டர் என்ற சப்ளையரின் பெயரிலேயே லாட்வியாவில் ஒரு கம்பெனி பதிந்து, போலி இன்வாய்ஸ் அனுப்பி, 2013-க்கும் 2015-க்கும் நடுவில் கூகுள், ஃபேஸ்புக் இரண்டிடமும் சேர்த்து 12 கோடி டாலருக்கு மேல் வாங்கினார். 2019-ல் அமெரிக்காவில் அவருக்கு 5 வருடச் சிறை. உலகத்தின் கம்ப்யூட்டர் ஜாம்பவான்களே இன்வாய்ஸில் விழுந்தார்கள். வியாபார மெயில் மோசடியால் 2023-ல் மட்டும் 290 கோடி டாலர் போனதாக அமெரிக்காவின் எஃப்பிஐக்குப் புகார் வந்தது.

குரலையும் முகத்தையும்கூட இனி அப்படியே நம்ப முடியாது. 2024 ஆரம்பத்தில் வெளியே வந்த ஹாங்காங் சம்பவம்: அரூப் என்ற பிரிட்டிஷ் பொறியியல் நிறுவனத்தின் ஊழியருக்கு லண்டன் நிதித் தலைவர் பெயரில் ரகசியப் பரிவர்த்தனை பற்றிச் செய்தி வந்தது. அவர் முதலில் சந்தேகப்பட்டார். பிறகு வீடியோ கால். அதில் அவருக்குத் தெரிந்த முகங்கள் எல்லாம் இருந்தன, எல்லாம் செயற்கையாக உருவாக்கியவை. 15 தவணையாக 20 கோடி ஹாங்காங் டாலர் போய்விட்டது. எனக்கு இதில் மனதைத் தைப்பது அந்த முதல் சந்தேகம்தான். அவருக்குத் தோன்றியிருக்கிறது. அந்த நேரத்தில் லண்டன் ஆபீஸின் பழைய நம்பருக்கு அவர் ஒரு போன் போட்டிருந்தால், அது அங்கேயே முடிந்திருக்கும்.

நிறுத்திக் கேட்டதால் காப்பாற்றப்பட்ட பணமும் உண்டு. 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் கம்ப்யூட்டருக்குள் புகுந்தவர்கள், அமெரிக்காவின் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் இருந்த வங்கதேச வங்கியின் கணக்கில் இருந்து 95 கோடி டாலர் எடுக்க 35 உத்தரவு அனுப்பினார்கள். வியாழன் இரவு, மறுநாள் டாக்காவில் விடுமுறை. உத்தரவுகளைத் தானாக அச்சடிக்கும் பிரின்டரையும் வேலை செய்யவிடாமல் செய்திருந்தார்கள். 8.1 கோடி டாலர் மணிலாவுக்குப் போய்க் காசினோக்களில் கரைந்தது. ஆனால் இலங்கையில் ஷாலிகா ஃபவுண்டேஷன் என்ற பெயருக்கு அனுப்பிய 2 கோடி டாலர் நின்றது. ஃபவுண்டேஷன் என்ற சொல்லில் எழுத்துப் பிழை. வழியில் இருந்த வங்கி சந்தேகப்பட்டு, இது சரிதானா என்று கேட்டது. அந்தப் பணம் திரும்பி வந்தது.

நம் ஊரிலும் நடந்தது. 2018 பிப்ரவரியில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில் இருந்து கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர் மூன்று உத்தரவுகளாக துபாய், துருக்கி, சீனா பக்கம் கிளம்பியது. அங்கேயும் பிரின்டர் முடக்கப்பட்டிருந்தது. மறுநாள் காலை வழக்கமான கணக்குச் சரிபார்ப்பில் பிடித்தார்கள். உடனே தகவல் போனதால் துபாய்க்குக் கிளம்பிய 5 லட்சம் டாலர் தடுக்கப்பட்டது. உங்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது, தினமும் காலையில் நேற்றைய பேங்க் ஸ்டேட்மென்ட்டை டாலி கணக்கு சாஃப்ட்வேரோடு ஒத்துப் பார்ப்பதும், சப்ளையருக்குப் பணம் போட்ட அன்றே "போட்டாச்சு, பாருங்க" என்று யூடிஆர் எண்ணை அவருடைய பழைய நம்பருக்கு வாட்ஸப் அனுப்புவதும். அது இருந்திருந்தால் உங்களுக்குப் பத்தாம் நாளில் தெரிந்தது அன்று மாலையே தெரிந்திருக்கும்.

இப்போது அந்தப் பெண் விஷயம். சட்டப்படி பார்த்தாலும், விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் நஷ்டத்தை ஊழியரின் சம்பளத்தில் பிடிக்க முடியாது. நேரடியாக அவருடைய கவனக்குறைவுதான் காரணம் என்று காட்டவும் வேண்டும். உங்கள் ஆபீஸில் கணக்கு எண் மாறினால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதப்பட்ட விதி ஒன்று இருந்ததா? இல்லாத விதியை அவர் மீறியதாக எப்படிச் சொல்ல முடியும்? யாரும் அவருக்குச் சொல்லித் தராத ஒன்றுக்காக அவருடைய வீட்டு அடுப்பில் கை வைப்பது நியாயமில்லை. இதை நான் அழுத்தமாகவே சொல்கிறேன்.

நியாயத்தைத் தள்ளி வைத்து, வியாபாரக் கணக்கு மட்டும் பார்த்தாலும் அது நஷ்டம்தான். நான் வேலை பார்த்த ஒரு நிட்டிங் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பையன் ஒருவன் வியாழக்கிழமை கூரியர் ரசீது என்று வந்த ஃபைலைத் திறந்திருக்கிறான். கறுப்புத் திரை ஒன்று வந்து மறைந்தது. ஏதோ தப்பு என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் போன மாதம்தான் ஒருவர் தப்பு செய்ததற்காக எல்லார் முன்னாலும் திட்டு வாங்கி வேலையை விட்டுப் போயிருந்தார். பையன் வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை காலை ஐந்து கம்ப்யூட்டரும் பூட்டிக்கொண்டன, டாலி டேட்டா உட்பட. வியாழன் மதியமே சொல்லியிருந்தால் ஒரு கேபிளைப் பிடுங்கியிருப்பேன், ஒரு கம்ப்யூட்டரோடு போயிருக்கும். அந்தப் பையன் என்னிடம் "சொல்லணும்னுதான் இருந்தேன் அண்ணா" என்றது இன்னும் காதில் இருக்கிறது.

இதற்கு நேர் எதிர், நார்வேயின் நார்ஸ்க் ஹைட்ரோ. 35,000 பேர் வேலை செய்யும் அலுமினிய நிறுவனம். 2019 மார்ச்சில் ரான்சம்வேர், அதாவது கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ், தாக்கியது. அவர்கள் பணம் கொடுக்கவில்லை, மறைக்கவும் இல்லை. அன்றே நிருபர்களைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார்கள், தொடர்ந்து நிலவரம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஆலைகளில் காகிதத்தில் ஆர்டர் எழுதி வேலை பார்த்தார்கள். பழைய கைமுறை தெரிந்த, ஓய்வு பெற்ற தொழிலாளர்கள்கூட வந்து உதவினார்கள். கோடிக்கணக்கான டாலர் நஷ்டம்தான், ஆனால் வாடிக்கையாளர்களின் மரியாதையை அவர்கள் இழக்கவில்லை.

கண்காணிப்பு சாஃப்ட்வேருக்கு வருகிறேன். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை தொடர்பான தேவைக்கும் நிறுவனத்தை நஷ்டத்தில் இருந்து காப்பாற்றவும் ஊழியர் தகவலைப் பயன்படுத்த இடம் தருகிறது. அதனால் கண்காணிப்பே கூடாது என்று சட்டம் சொல்வதாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் போட நினைக்கும் சாஃப்ட்வேர் என்ன செய்யும் என்று யோசியுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் படம் எடுக்கும், அழுத்தும் ஒவ்வொரு விசையையும் பதியும். அதில் உங்கள் நெட் பேங்கிங் பாஸ்வேர்டு இருக்கும், பையரின் விலை இருக்கும், ஜிஎஸ்டி லாகின் இருக்கும். அவ்வளவும் யாரோ ஒருவருடைய சர்வரில் போய் உட்காரும். திருடன் செய்ய நினைத்ததை நீங்களே காசு கொடுத்துச் செய்து வைத்த மாதிரி ஆகும். அதுவும் போக, அந்த 6.4 லட்சத்தை அது தடுத்திருக்காது. அந்தப் பெண் ரகசியமாக எதுவும் செய்யவில்லையே. எல்லார் கண் முன்னாலும்தான் போட்டார்.

எது தேவையோ அதை மட்டும், சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஆபீஸ் மெயிலில் யார் எங்கிருந்து லாகின் செய்தார்கள் என்ற பதிவு, பென் டிரைவ் போடத் தடை, நெட் பேங்கிங்குக்கு என்றே தனியாக ஒரு கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டரில் யூடியூப் வேண்டாம், வாட்ஸப் வேண்டாம், மெயில்கூட வேண்டாம். இதில் யாருடைய சொந்த விஷயமும் இல்லை.

மனம் ஒப்பாத ஒரு வேலையும் பாக்கி இருக்கிறது. நடந்ததை அந்தச் சப்ளையருக்கும், உங்கள் மற்ற சப்ளையர்களுக்கும், முக்கியமாக உங்கள் பையர்களுக்கும் சொல்ல வேண்டும். "எங்கள் பெயரில் கணக்கு மாற்றம் என்று மெயில் வந்தால் நம்ப வேண்டாம், எங்கள் வங்கிக் கணக்கு போனில் சொல்லாமல் மாறாது" என்று நாலு வரி. அப்பாவுக்குக் கௌரவப் பிரச்சினையாக இருக்கும், புரிகிறது. ஆனால் திருடன் உங்கள் பெட்டிக்குள் இருந்திருந்தால் அவன் கையில் பையர் பட்டியல் முழுக்க இருக்கும். சொல்லாமல் இருந்து ஒரு பையர் ஏமாந்தால், உங்களுக்கு முன்பே தெரியும் என்பது பிறகு வெளியே வந்தால், அந்த ஆர்டர் திரும்ப வராது. உபர் நிறுவனம் 2016-ல் 5.7 கோடி பேரின் தகவல் திருட்டுப் போனதை மறைத்தது. திருடியவர்களுக்கு 1 லட்சம் டாலர் கொடுத்து, பிழை கண்டுபிடித்ததற்கான பரிசு என்று கணக்கு எழுதினார்கள். அடுத்த வருடம் வெளியே வந்தது. அமெரிக்க மாநிலங்களுக்கு 14.8 கோடி டாலர் கட்டினார்கள், அப்போதைய பாதுகாப்புத் தலைவரை 2022-ல் கோர்ட் குற்றவாளி என்றது. திருட்டு நடந்ததற்காக இல்லை, மறைத்ததற்காக.

ஆபீஸில் கிராக் செய்த சாஃப்ட்வேர் ஏதாவது ஓடுகிறதா என்றும் பாருங்கள். பேட்டர்ன், எம்பிராய்டரி டிசைன் சாஃப்ட்வேர், சில இடங்களில் டாலியே கிராக்தான். அதை இன்ஸ்டால் செய்ய வந்தவர் முதலில் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யச் சொல்லியிருப்பார். அது அப்படியே ஆஃபில் இருக்கும். அடுத்தவர் உழைப்பைக் காசு கொடுக்காமல் எடுப்பது தவறு என்பது ஒரு பக்கம், வாசல் கதவைக் கழற்றி வைத்துவிட்டுப் பூட்டு வாங்குவது இன்னொரு பக்கம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. அந்தக் கம்ப்யூட்டர்களில் பேங்கிங் செய்யாதீர்கள்.

பேக்கப் பற்றி ஒரு கதை சொல்கிறேன். உங்கள் சரக்கை ஏற்றிப் போகும் மெர்ஸ்க் கப்பல் கம்பெனியை 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற வைரஸ் தாக்கியது. உக்ரைனில் வரிக்கணக்குப் போடும் சாஃப்ட்வேர் ஒன்றின் அப்டேட் வழியாக வந்தது. மும்பை ஜேஎன்பிடி துறைமுகத்தில் அவர்கள் டெர்மினல் உட்பட உலகம் முழுக்க வேலை நின்றது. யார் யார் உள்ளே வரலாம் என்ற பட்டியலை வைத்திருக்கும் சர்வர்கள் ஒன்றுக்கொன்று காப்பி எடுத்துக்கொள்ளும்படி வைத்திருந்தார்கள். எல்லாம் ஒன்றாக இணைந்திருந்ததால் எல்லாம் ஒன்றாகவே அழிந்தன. ஒன்றே ஒன்று தப்பியது, ஆப்பிரிக்காவின் கானாவில். தாக்குதல் நேரத்தில் அங்கே கரன்ட் போயிருந்தது. அந்த ஒரு பிரதியை விமானத்தில் எடுத்து வந்துதான் கம்பெனியைத் திரும்பக் கட்டினார்கள். 4,000 சர்வர், 45,000 கம்ப்யூட்டர், பத்து நாள். அதனால் டாலி பேக்கப் எடுக்கும் ஹார்ட் டிஸ்கை எப்போதும் கம்ப்யூட்டரிலேயே செருகி வைக்காதீர்கள். இரண்டு வாங்குங்கள். ஒன்று செருகியிருக்கும்போது மற்றது பீரோவில். வாரம் ஒருமுறை மாற்றுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள், திறக்காத பேக்கப்பை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மேஜை டிராயரையும் கொஞ்சம் திறந்து பாருங்கள். பென் டிரைவ் மாதிரி இருக்கும் டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் அதில் கிடக்கும், பாஸ்வேர்டு அதன் மேலேயே ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். அது அப்பாவின் கையெழுத்து. அவரிடமே இருக்க வேண்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் யூனிட்டில் ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் இருப்பார்கள். அவர்களுடைய ஆதார், பேங்க் பாஸ்புக் போட்டோ எல்லாம் கான்ட்ராக்டர் வாட்ஸப் குரூப்பில் போட்டு, அது ஆபீஸில் ஏழெட்டு பேர் போனில் கிடக்கும். உங்களிடம் திருடியவன் பணத்தை இறக்கிய வாடகைக் கணக்குகள் எங்கிருந்து வருகின்றன என்று நினைக்கிறீர்கள்? சிலர் காசுக்கு விற்கிறார்கள், ஆனால் இப்படிச் சிதறிக் கிடக்கும் காகிதங்களை வைத்து, ஒன்றும் தெரியாத ஏழையின் பெயரில் திறந்தவையும் உண்டு. போலீஸ் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டும். நான் சொன்ன 2023 சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தகவலைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி வரை அபராதம் விதிக்க அதில் இடம் இருக்கிறது. அபராதத்துக்குப் பயந்து மட்டும் செய்ய வேண்டாம். அவர் நம்மை நம்பிக் கொடுத்த காகிதம் அது. அடையாளத்துக்கு முதல் எட்டு எண்ணை மறைத்த ஆதார் போதுமான இடத்தில் அதையே வாங்குங்கள், ஆதார் தளத்திலேயே கிடைக்கும். பிஎஃப், இஎஸ்ஐ பதிவு முடிந்ததும் குரூப்பில் இருப்பதை எல்லார் போனிலும் அழிக்கச் சொல்லுங்கள். ஆபீஸில் ஒரு பூட்டிய பீரோவில் ஒரு காப்பி போதும்.

அப்பாவிடம் பேசுவதற்கு முன்னால் அந்தப் பெண்ணிடம் ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். மெயில் எத்தனை மணிக்கு வந்தது, அப்போது ஆபீஸில் யார் இருந்தார்கள், பணம் போடும்போது ஏதாவது உறுத்தியதா, உறுத்தியிருந்தால் ஏன் யாரிடமும் கேட்கவில்லை. திட்டுவதற்காகக் கேட்கவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மேஜைக்கு மேலே ஒட்டப்போகும் அந்தத் தாளை அவரையே எழுதச் சொல்லுங்கள்.